ஆனிக் கடைசி வெள்ளியில் வந்த குட்டி

1. காலையில் வந்த போன்

ஜனக்புரியில் ஒரு நாய் டாக்டரிடம் நான் உதவியாளராக இருந்தேன். எடை பார்ப்பது, ஊசிக்குப் பிடித்துக்கொள்வது, கடி வாங்குவது எல்லாம் காலை டியூட்டி. மாலையில் ஹோம் விசிட். புதிதாகக் குட்டி வாங்கித் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போய், அதை எங்கே படுக்க வைப்பது, எப்போது ஒன்றுக்கு விடுவது என்று சொல்லித்தர வேண்டும். டாக்டர் பஞ்சாபி. தமிழ் பேசும் வீடு என்றால் என் தலையில் கட்டிவிடுவார். நாய்க்கு என்ன என்று கேட்டால் நம்மவர்கள் குடும்பக் கதையில் ஆரம்பிக்கிறார்களாம், நாய் வருவதற்குள் அவர் கடையைச் சாத்த வேண்டியிருக்கிறதாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு கேஸை மட்டும் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் நீங்களே கடி வாங்கித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜூலை மாதம். மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் டெல்லி புழுங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கைத் திறந்ததுமே போன் வந்தது.

"மேடம், நான் சுந்தரமூர்த்தி. மினிஸ்ட்ரியில அண்டர் செக்ரட்டரியா இருந்து ரிட்டயர் ஆனவன்."

நாய்க்காகப் போன் செய்கிறவர்கள் முதலில் நாயின் பெயரைச் சொல்வார்கள். இவர் பதவியைச் சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"குட்டி வந்ததிலேருந்து வீட்ல ஒருத்தரும் தூங்கல. கீழ் ஃப்ளாட்காரன் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல எங்களைப் பத்தி எழுதிட்டான். இன்னிக்கே ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

2. ‘ரெண்டு மாசக் குட்டி’

கதவைத் திறந்தது அவர் மனைவி சாரதா. முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது. முந்தானைக்குள் ஒரு வெளுத்த லாப்ரடார் குட்டி. பெயர் லட்சுமி.

சுந்தரமூர்த்தி சார் நின்றபடியே கேஸை விளக்கினார். குட்டிக்கு பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், இடம் ஒதுக்கியாயிற்று. வயிறு நிறைந்தால் தூங்கும் என்று படுக்கிற நேரத்தில் ஒரு கிண்ணம் தயிர் சாதம். அப்படியும் அழுததால் மொபைலில் பக்திப் பாட்டு. குட்டி அந்தப் பாட்டோடு சேர்ந்து ஊளையிட்டது. தயிர் சாதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பால்கனியே சொன்னது.

"வயசு என்ன சார்?"

"ரெண்டு மாசம்."

குட்டியை வாங்கித் தரையில் விட்டேன். நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. கண்ணில் பிறந்த குட்டிக்குரிய நீலம் இன்னும் போகவில்லை. ஈறில் பல் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"எந்தக் காலண்டர்ல சார் ரெண்டு மாசம்? இது இன்னும் பால்குடி."

சார் மேலே ஃபேனைப் பார்த்தார். சாரதாம்மாதான் விஷயத்தை உடைத்தார். திலக் நகரில் ஒரு சர்தார்ணி, அதாவது சீக்கிய அம்மாள், அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. இன்னும் சின்னது, கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டிப் போங்கள் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. ஏனென்றால் ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆகவே ஆனிக் கடைசி வெள்ளியில், நல்ல நேரம் பார்த்து, தாயின் மடியிலிருந்து பிடுங்கி, வாசலில் ஆரத்தி எடுத்து, வெள்ளிக்கிழமை வந்ததால் லட்சுமி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

பஞ்சாங்கம் பார்த்து வீடு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஃப்ரிட்ஜ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சாங்கம் பார்த்து நாய்க்குப் பால் மறக்கடித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

3. கால் மாத்திரை

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "மா கே பாஸ் பேஜோ, ஆஜ் ஹி." அம்மாவிடம் அனுப்பு, இன்றைக்கே. கூடப்பிறந்த குட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, தாய்க்குப் பாலும் இருக்கும், சேர்த்துக்கொள்ளும். போகிற வழியில் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகட்டும் என்றார்.

இதைச் சொன்னதும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது முடியாது மேடம். வெள்ளிக்கிழமை ஆரத்தி எடுத்து உள்ள விட்ட லட்சுமி. அதை வாசல் தாண்டித் திருப்பி அனுப்புறதா? குடும்பத்துக்கு ஆகாது."

"சரி, அப்ப உங்க ரூம்ல படுக்க வைங்க. பக்கத்துல ஆள் மூச்சு கேட்டாலாவது கொஞ்சம் அடங்கும்."

"பெட்ரூம்ல நாயா? எங்க பரம்பரையிலேயே கிடையாது."

அனுப்பவும் கூடாது, உள்ளே விடவும் கூடாது. ஃபைலை மேலேயும் அனுப்பாமல் கீழேயும் இறக்காமல் மேஜையிலேயே வைத்திருந்து ரிட்டயர் ஆனவர் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையுடன் வந்தார். "இது எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை. கால் மாத்திரையைப் பால்ல கரைச்சுக் கொடுத்தா என்ன? நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்."

இந்த வேலையில் முட்டாள்தனத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வரும். அன்று பயம் வந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தூக்கம் இல்லாதவர், பிடிவாதம் பிடித்தவர். நான் கிளம்பிப் போனதும் அதை நிச்சயம் செய்வார்.

அட்டையைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன். "தூங்கும் சார், நல்லாத் தூங்கும். அப்புறம் எழுந்திரிக்காது. அதுக்கும் நல்ல நேரம் பார்த்து வச்சிருக்கீங்களா?"

"மேடம், மரியாதையாப் பேசுங்க."

"உசுரு பிழைச்சப்புறம் மரியாதையைப் பார்த்துக்கலாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதிகாரி பாஷைக்குத் தாவினார். "நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லை. வீட்டுக்கு வந்த லட்சுமியை ஆடியில வெளிய அனுப்பினதுக்கு ஒரு ப்ரிசிடென்ட், அதாவது முன்னாடி நடந்த கேஸ், காட்டுங்க. அனுப்பிடறேன்."

குட்டிகளின் குடல் புழுவைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். சாஸ்திரத்துக்கு நான் எங்கே போவேன்?

4. ப்ரிசிடென்ட்

"நான் இருக்கேனே" என்றார் சாரதாம்மா.

அதுவரை அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சார் திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணமான வருஷம் என்னையும் லட்சுமின்னு சொல்லித்தான் ஆரத்தி எடுத்து உள்ள விட்டாங்க. ஆடி பொறந்ததும் திருச்சிக்கு, எங்கம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. மாசம் முடிஞ்சு திரும்பி வந்தேன். உங்க குடும்பத்துக்கு என்ன ஆச்சு?"

"அது வேற சாரதா. அது புதுப்பொண்ணு."

"இவ மட்டும் பழையவளா? வந்து முழுசா பத்து நாள் ஆகல. ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போறா. ஆவணியில வந்துடுவா. இதுல திருப்பி அனுப்புறது எங்க வந்துச்சு?"

சார் காட்டிய ரூலே சாருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

சாரதாம்மா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஒரு மாசம் எங்கம்மா பக்கத்துல படுத்துத் தூங்கினேன் பாருங்க, அந்த மாதிரித் தூக்கம் எனக்கு அப்புறம் வரவே இல்ல. காலையில யாரும் எழுப்பல. யாருக்கும் காப்பி போடல. இவளாவது போய்த் தூங்கட்டும்."

சார் அறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "ஆட்டோ கூப்பிடறேன்" என்றார்.

5. சம்பந்தி வீடு

கிளினிக்கில் காட்டிவிட்டுத் திலக் நகர் போய்ச் சேர்ந்தோம். சர்தார்ணி கதவைத் திறந்ததுமே, "மைனே தோ கஹா தா!" என்று ஆரம்பித்தார். நான் அப்பவே சொன்னேனே என்பதைப் பஞ்சாபிக்காரர்கள் சொல்கிற அழகே தனி. தெருவுக்கே கேட்டது. சார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

தாய் நாய் குட்டியை மேலும் கீழும் மோந்து பார்த்தது. சார் வீட்டு வாடை, டெட்டால் வாடை, ஆட்டோ வாடை. எங்கே தள்ளிவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நாக்கை நீட்டித் தலையிலிருந்து வால் வரை ஒரு நக்கு நக்கியது. லட்சுமி மற்ற குட்டிகளை மிதித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். கொஞ்ச நேரத்தில் பால் காம்பை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனாள். சாரதாம்மா அழுதார். நானும் அழுதேன், தொழில்காரி அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும்.

அந்த மாதம் முழுவதும் சாரதாம்மா மத்தியான மெட்ரோவில் திலக் நகர் போய் வந்தார். சர்தார்ணி அவரை ‘சம்தன் ஜி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். சம்பந்தியம்மா என்று அர்த்தம். ஆடியில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் செய்வது எங்கள் வழக்கம் என்று சாரதாம்மா சொல்லிவைக்க, குட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மாள் ஒரு டப்பா நிறைய நெய் வழியும் பின்னி என்கிற மாவு உருண்டைகளைச் சாரின் கையில் திணித்தார். மாப்பிள்ளை வீட்டு முறுக்கு எதுவும் காட்டாமல் அவரும் வாங்கிக்கொண்டார்.

6. ஆவணி

லட்சுமி திரும்பி வந்த அன்று சாயங்காலம் நான் போய்ப் படுக்கையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு அட்டைப் பெட்டி. அதில் தாய் நாய் படுத்த பழைய போர்வைத் துண்டு. டவலில் சுற்றிய வெந்நீர் பாட்டில். சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட வேண்டும். படுக்கும் முன் ஒரு தடவை வெளியே விட வேண்டும். நடுவில் எழுந்து அழுதால் லைட் போடாமல், கொஞ்சாமல், தூக்கிப்போய் ஒன்றுக்கு விட்டுத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் எங்கள் வித்தை.

"பெட்டியை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். சாரதாம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் தன் பக்கத்தை ஒட்டி வைத்தார். சார் தன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். பரம்பரை ஹாலில் படுத்தது.

மறுநாள் காலை அவர்களிடமிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கிளினிக் திறந்து, இரண்டு பூனைகளும் ஒரு மூக்கறுந்த கிளியும் வந்து போயின. அப்போதும் வரவில்லை. வேறு ஏதாவது மாத்திரை கிடைத்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. நானே கூப்பிட்டேன்.

சார்தான் எடுத்தார். "ம்" என்று ஒரு கிசுகிசுப்பு.

"என்ன சார் ஆச்சு? குட்டி எப்படி இருக்கு?"

"மெதுவாப் பேசுங்க மேடம். ரெண்டு பேரும் இன்னும் தூங்குறாங்க."

"மணி பத்தரை ஆச்சு சார். உங்களுக்குக் காப்பி?"

"நானே போட்டுக்கிட்டேன்" என்றார். "அவளுக்கும் போட்டு ஃபிளாஸ்க்ல வச்சிருக்கேன். எழுந்ததும் குடிக்கட்டும்."

அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் குட்டியைத் தூக்குவதற்கு முன்னால், "இந்த வீட்டில் யார் ரொம்ப நாளாகத் தூங்கவில்லை?" என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள். அநேகமாக அந்த ஆளுக்குத்தான் நாய்க்குட்டி தேவைப்பட்டிருக்கும்.