கேலனுக்கு நாற்பது மைல்

கார் விற்கிறவனுக்கு வாய் இனிக்க வேண்டும், நெஞ்சு கெட்டியாக இருக்க வேண்டும். எனக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தில், ஜப்பான் கார் விற்கும் கடையொன்றில் பல வருஷம் குப்பை கொட்டினேன். "எண்ணெய் எவ்வளவு குடிக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறியதும் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாகக் கேலனுக்கு இத்தனை மைல் ஓடியாக வேண்டும். குறைந்தால் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். அங்கே வியாபாரம் பண்ண ஆசைப்பட்ட ஜப்பான்காரன் காரின் எடையை இன்னும் குறைத்தான். அந்தக் கார் கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. 'அமெரிக்க அரசாங்க முறைப்படி சோதித்தது, கேலனுக்கு நாற்பது மைல்' என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பட்ட பாடெல்லாம் அந்தக் கொட்டை எழுத்தால்தான்.

தட்டிப் பார்த்தவர்

புதுக் கார் கடைக்கு வந்த அன்றே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் குடை, சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் நாற்பது மைலை ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. விரலை மடக்கிக் கதவைத் தட்டினார், கூரையைத் தட்டினார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்தார்.

பிறகு கட்டைவிரலால் கதவை ஓர் அழுத்து அழுத்தினார். தகடு உள்ளே போய் 'டப்'பென்று திரும்பி வந்தது. அவரைவிட எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அந்தக் காரை இரும்புக் கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சமாளித்துக்கொண்டு சட்டத்தையும் எடைக் குறைப்பையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அமெரிக்காக்காரன் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறதுக்கு நான் ஏன் தம்பி தகரப் பேணிக்குள்ள இருந்து சாக வேணும்?"

அறைக்குள் ஓடிய கார்

விற்பனை மந்தமானதும் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி அதிகாரி ஒருவர் வந்து எங்களுக்குப் படம் காட்டினார். அந்த நாற்பது மைலை எப்படி அளந்தார்கள் என்பதுதான் படம். பெரிய அறை. நடுவில் கார். சக்கரங்களுக்கு அடியில் இரும்பு உருளை. காருக்குள் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும். உருளை சுற்றுகிறது, சக்கரம் சுற்றுகிறது, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேடு இல்லை, மழை இல்லை, மாமியார் இல்லை, டிக்கியில் அரிசி மூட்டை இல்லை.

ஓர் அடிகூட நகராத காரின் மைலையா இத்தனை நாளாகக் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணி விற்றேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வம், என்னோடு வேலை பார்த்தவன், ஈப்போவிலேயே புந்தோங் பக்கத்துக்காரன், என் காதருகே குனிந்தான்.

"அப்ப கஸ்டமரையும் அந்த ரூமுக்குள்ளயே ஓட்டிக்கச் சொல்லலாம்லா, மச்சான்."

அரைப்பேர்

பெருமாள், மலையடிவாரத்துத் தாப்பா ஊருக்குப் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், லாரி ஓட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் வேலை போயிற்று. இருந்ததையெல்லாம் திரட்டி என்னிடம் அந்தக் காரை வாங்கினார். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களைத் தாப்பா ஆஸ்பத்திரிக்கும் பாசாருக்கும் ஏற்றி இறக்குவதுதான் இனி அவர் பிழைப்பு. புந்தோங் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

அடுத்த மாதம் திரும்பி வந்தார். கேலனுக்கு முப்பது மைலைத் தாண்டவில்லையாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்ன தப்புப் பண்ணுகிறேன் என்று கேட்டார். அந்த எண் அறைக்குள் அளந்தது, மலைப்பாதையில் யாருக்கும் வராது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஏறவில்லை. தோட்டத்தில் பால் வெட்டுக் கணக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். மரத்தில் பால் இல்லை என்று சொன்னவனை யாரும் நம்பியதில்லை. அப்படி வளர்ந்த மனிதர், மேலே இருந்து ஓர் எண் வந்தால் அது வாங்கியவன் முடிக்க வேண்டிய வேலை என்றே எடுத்துக்கொண்டார்.

"கவர்மெண்டு அளந்து போட்ட கணக்குண்ணே. குறைஞ்சா நம்ம மேலதான் தப்பு."

இளைத்த கார்

அடுத்த முறை சர்வீஸுக்கு வந்தபோது டிக்கியைத் திறந்தோம். ஸ்பேர் டயர் இல்லை. ஜாக்கி இல்லை. கீழே விரித்திருந்த பாய், சக்கர மூடி, உள்ளே இருந்த ரேடியோ, எதுவும் இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று பதறி, போலீசில் சொன்னாரா என்று கேட்டேன். பெருமாள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

மலையில் டயர் போனால் என்ன செய்வீர் என்று கத்தினேன். கடைக்குள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் அசையவில்லை. இப்போது முப்பத்து நாலு வருகிறதாம்.

"ஏத்துற ஆளைக் குறைக்க முடியாதுண்ணே. அதான் சாமானைக் குறைச்சேன்."

சத்தம் நின்றது

இந்த ஆள் இன்னும் என்னவெல்லாம் பண்ணுகிறார் என்று பார்க்க நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மலைக்குப் போனேன். இறங்கும்போது பின்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர், ஒருத்தி மடியில் காய்ச்சல் கண்ட குழந்தை. பாதி வழியில் இன்ஜின் சத்தம் நின்றது. கார் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கெட்டுவிட்டதா என்று கேட்டேன். எண்ணெய் மிச்சம் பிடிக்கத் தாமே அணைத்ததாகச் சொன்னார். தோட்டத்துப் பழைய லாரியில் எல்லா இறக்கத்திலும் அப்படித்தானாம்.

அந்த லாரியின் பிரேக் வேறு. இந்தக் காரின் பிரேக்குக்கு இன்ஜின் ஓடினால்தான் பலம். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் மிதித்துவிட்டார். முதல் வளைவில் பிடித்தது. அடுத்ததில் அரைகுறை. அதற்கடுத்த வளைவில் பிரேக் காலடியில் கல்லாக இறுகிவிட்டது. எதிரே காய்கறி லாரி ஏறி வந்தது. ஒரு பக்கம் பள்ளம். பெருமாள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய்த் தேய்த்தார். இடது கதவு என் முழங்கால் வரைக்கும் உள்ளே வந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண்ணுக்கு நெற்றியில் ரத்தம். பெருமாள் தம் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு, எல்லாரையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய பிழைப்பே அங்கே நசுங்கிக் கிடந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இன்னைக்கு நாப்பது வந்திருக்கும், இல்ல?"

கணக்குக் குறைந்தால் தண்டனை என்று அமெரிக்கா மிரட்டியது கார் கம்பெனிகளைத்தான், ஆனால் அதற்குப் பயந்து உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் தாப்பாவில் இருந்தார்.