பின்ரூமை நிறைத்த வாளிகள்

மூடியைத் திருகும்போது வரும் அந்த ‘புஸ்’ சத்தம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பெரிய குளிர்பான பாட்டில், உள்ளே பழுப்பு நிறக் கரைசல், வயிறு உப்பிப்போய் நிற்கும். அக்கா அதைப் பின்வாசலுக்குத் தூக்கிப் போய், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, மூடியைக் கொஞ்சமே கொஞ்சம் திருகுவாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறும். உடனே இறுக்குவாள், மறுபடி திருகுவாள். வேறு ஊராக இருந்தால் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நாங்கள் இருந்தது சிவகாசிப் பக்கம். ‘புஸ்’ஸுக்கு அடுத்து என்ன வரும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அடுக்களை வாசலில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி, அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். முன்ரூம், நடுரூம், அடுக்களை, கடைசியில் ஒரு பின்ரூம். அந்த வருஷம் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், வேலை பார்த்த பட்டாசு கம்பெனி மூடிக் கிடந்தது. தீபாவளி சீசன் நெருங்கும்போது ஒரு ஏஜெண்டு அவரைத் தேடி வர ஆரம்பித்தார். மருந்து வீட்டுக்கே வந்துவிடும், காகிதக் குழாயில் அடைத்துக் கொடுத்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வைத்து அடைப்பது குற்றம் என்பது ஊருக்கே தெரியும். அப்படி அடைத்த வீடுகள் என்ன ஆயின என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அத்தான் மட்டும், “பயந்துக்கிட்டே இருந்தா வயிறு நெறையுமா? பின்ரூமைக் காலி பண்ணு” என்று சொல்லிவிட்டார். என் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கும் பின்ரூமுக்கும் நடுவில் அடுக்களை ஒன்றுதான்.

அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அத்தான் அசையவில்லை. பிறகு ஒரு நாள் அழுகையை நிறுத்திவிட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ வீடியோ பார்க்கத் தொடங்கினாள். சமையல் கழிவைக் காற்றுப் புகாத வாளியில் புளிக்க வைத்து உரமாக்கும் வீடியோ. எனக்கு எரிச்சல். வீடு பற்றிக்கொள்ளப் போகிறது, இவள் கத்தரிச்செடிக்கு உரம் போடப் போகிறாளா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

“மருந்துக்கு ஆகாதது ஈரம், தாயி. ஈரம் பட்டுச்சுன்னா அதுவா சூடேறிப் பத்திக்கிரும். ஈரமான எடத்துல எவனும் மூட்டைய எறக்க மாட்டான். சண்ட போட எனக்கு இனித் தெம்பில்ல. ரூமை நெறச்சுருவோம்.”

அவளும் பல வருஷம் மருந்து அடைத்தவள்தான். கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்த அன்று செருப்பில்லாமல் ஓடி வந்தவள், அதற்குப் பிறகு கம்பெனிப் பக்கம் போகவில்லை. ஆனால் கம்பெனிப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. கரைசலைக் கிண்ட இரும்புக் கரண்டியைத் தொட மாட்டாள், பொறி பறக்கும் என்று மரத்துடுப்புதான். அரிசி களைந்த தண்ணீரைப் புளிக்க விட்டு, பால் ஊற்றி வைப்பாள். சில நாளில் மேலே ஆடை திரண்டு நிற்கும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, வெல்லத்தைக் கரைத்து பாட்டிலில் அடைப்பாள். அந்தக் கரைசலைத் தவிட்டில் பிசைந்து ஊற வைத்து, காய்கறித்தோல் ஒரு அடுக்கு, தவிடு ஒரு அடுக்கு என்று வாளியில் போட்டு அமுக்கி, இறுக்கி மூடுவாள். வாளிக்கு அடியில் ஒரு குழாய். அதிலிருந்து புளித்த தண்ணீர் சொட்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவார்களாம். அக்கா தரையிலேயே சொட்ட விட்டாள்.

ஒரு வீட்டுக் கழிவு எத்தனை வாளிக்குக் காணும்? டீக்கடை, காய்கறிக்கடை, கல்யாண மண்டபம் என்று அலைந்து தலைச்சுமையாய்க் கொண்டு வந்தாள். தெருவே அவளைக் குப்பைக்காரி என்றது. மாவடு ஊறுகாயும் பழைய கஞ்சியும் கலந்த மாதிரி ஒரு வாடை வீடு முழுக்க நின்றது. நான் மூக்கைப் பொத்தவில்லை. எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ரூம் ஈரமாக இருக்கும்போதே அத்தான் வீம்புக்கு மூட்டையை இறக்கிவிட்டால்? அதை அக்காவிடம் கேட்டேன். “அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டே இருக்கேன்” என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு மத்தியானம் வாடை தாங்காமல் அத்தான், பின்வாசலில் அக்கா தளர்த்தி வைத்திருந்த ஒரு பாட்டிலின் மூடியை முழுக்க இறுக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் அது வெடித்தது. சத்தம் பெரிதில்லை, ஆனால் எங்கள் தெருவுக்குச் சத்தத்தின் அளவு முக்கியமில்லை. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது, எல்லாரும் ஓடினார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஓடியவள் பக்கத்து வீட்டு மதினி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பெண்பிள்ளைகளோடு. வெடித்தது கரைசல் பாட்டில் என்று தெரிந்ததும் அவள் அக்காவைத் திட்டின திட்டு, அப்பப்பா, காது கொடுத்துக் கேட்க முடியாது.

கடைசியில் ஏஜெண்டு வண்டியில் மூட்டையோடு வந்துவிட்டார். அத்தான் அவரைப் பின்ரூமுக்குக் கூட்டிப் போனார். நான் பிள்ளைகளோடு தெருவில் நின்றேன். அக்கா மட்டும் அடுக்களையில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் நறுக்காமல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஏஜெண்டும் ஒரு காலத்தில் மருந்து கலந்தவர். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“என்னய்யா, வெளையாடுறீகளா? சுவரெல்லாம் ஓதம். இங்கன எறக்கிட்டு என்னையும் சேத்து அனுப்பப் பாக்கீகளா?” என்றபடி வெளியே வந்தார். மூட்டை வாசலைத் தாண்டவில்லை. அக்கா பின்னாலேயே தெருவுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஏஜெண்டு வண்டியைத் திருப்பவில்லை. உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. மூட்டை உள்ளே போனது.

எங்கள் பின்ரூமுக்கும் அவர்கள் பின்ரூமுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஒட்டித்தான் அக்கா வாளிகளை அடுக்கியிருந்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நாங்கள் ஏற்றிய ஈரம் அந்தப் பக்கமும் ஊறியிருக்குமே!

அக்கா மூச்சு வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். “சுவரு ஈரமா இருக்கு தாயி, மூட்டைய அந்தக் கடைசிக்கு நகத்து. இல்ல, வேண்டவே வேண்டாம்னு திருப்பி விடு. பாட்டில் வெடிச்ச அன்னைக்கு நாம ஓடுனோமே, மறந்துட்டியா?” என்று கெஞ்சினாள்.

“மறக்கலக்கா” என்றாள் மதினி. “அதுக்காக அடுப்பு அணைஞ்சு கெடக்கவா?” மூட்டையை மட்டும் எதிர்ச்சுவருக்கு நகர்த்தினாள். போலீசுக்குச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. அவள் புருஷனைப் பிடித்துப் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

வந்த வேகத்தில் அக்கா வாளிகளை இழுக்கத் தொடங்கினாள். நானும் பிடித்தேன். எல்லாவற்றையும் பின்வாசலுக்குத் தள்ளினோம். பழைய சேலைகளைக் கொண்டு தரையை ஒற்றினோம், சுவரைத் துடைத்தோம், ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். நாள் கணக்காய்ச் சுமந்து நிறைத்த ரூமை அவள் கையாலேயே காலி செய்தாள். அடுத்தடுத்த நாட்களில் வெயில் காய்ந்தது, சுவரும் காய்ந்தது. அத்தான் நிலைப்படியில் நின்று பார்த்தார்.

“அப்ப ரூம் காலிதான?” என்றார்.

அக்கா போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்து வந்தாள். ரூமின் நடுவில் விரித்தாள். படுத்துக்கொண்டாள்.

“காலியில்ல. நான் இருக்கேன். எறக்குறதுன்னா எம்மேல எறக்குங்க.”

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் சாத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த சீசன் முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளோடு காரியாபட்டிக்கு வந்துவிட்டோம். எங்களோடு வரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று, அக்கா வரவில்லை. தான் கிளம்பினால் ரூம் காலியாகிவிடும் என்கிறாள். பக்கத்து வீட்டில் இந்த சீசனுக்கும் மருந்து இறங்கிவிட்டதாம். தினமும் போன் போடுகிறேன். அவள் எடுக்கும்வரை மணி அடிப்பதை எண்ணிக்கொண்டிருப்பேன்.

“எங்கனக்கா இருக்கீக?”

“ரூம்லதான் தாயி. மதினி பிள்ளைக ரெண்டும் எங்கூடத்தான் படுத்திருக்குதுக.”

இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம்தான்.