ரோஸ்லினுக்காக ப்ரசென்ட் சொன்னவள்

ரோஸ்லின் போய்விட்டாள். இன்று காலை கேஜிஎஃப்பிலிருந்து அவள் தம்பி போன் செய்தான்... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

போனை வைத்தேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

மத்தியானத்துக்குள் எங்கள் காலேஜ் குரூப்பில் ஆளாளுக்கு இரங்கல் போட்டாச்சு. நடுவில் ஒருத்தன், "நல்ல பொண்ணு, அட்டெண்டன்ஸ்ல ஏமாத்தாம இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா" என்று எழுதியிருந்தான். அதற்கு ஏழு லைக் வேறு.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். குரூப்பில் அல்ல, இங்கே... எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் நாங்கள் இரட்டைக் குதிரை சவாரி செய்துகொண்டிருந்தோம். காலையில் ஒரு பெரிய ஹோட்டலில் தொழிற்பயிற்சி, மத்தியானம் காலேஜில் டூரிசம் அண்ட் ஈவென்ட்ஸ் டிகிரி. மூன்று வருடம் முடித்தால் ஹோட்டல் சர்டிஃபிகேட்டும் யூனிவர்சிட்டி பட்டமும் சேர்ந்து கையில்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஹோட்டல் கிச்சனில் எங்களை "டிகிரி மேடம்" என்று நக்கலடித்து மூட்டை வெங்காயத்தை உரிக்க வைப்பார்கள். காலேஜில் அந்த வெங்காய வாசனைக்குப் பயந்து பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

நான் உள்ளூர், மர்பி டவுன், பஸ் ஏறினால் அரை மணி. ரோஸ்லின் தினமும் கேஜிஎஃப்பிலிருந்து முதல் ரயில்.

அவள் அப்பாவுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. இன்றைக்கு மூடுவார்களா நாளைக்கு மூடுவார்களா என்று வீடே காத்திருந்த காலம் அது... அந்த டிகிரி அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

படிக்க நேரம் ஏது? ஆர்டர் எழுதும் சீட்டின் பின்பக்கத்தில் டூரிசம் பாடத்து ஊர்ப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, தட்டு துடைத்தபடியே மனப்பாடம் செய்வாள். ஒருநாள் அந்தச் சீட்டு தவறிப்போய் கிச்சனுக்குள் போய்விட்டது. செஃப் வெளியே வந்து, ஹம்பி, பாதாமி, பட்டதகல்லு எல்லாம் எந்த டேபிளுக்கு என்று கேட்டார். அன்று முழுக்கச் சிரித்தோம்.

பிரச்சினை இரண்டு வருகைப் பதிவேடுகளில்தான். ஹோட்டலில் லஞ்ச் கூட்டம் அதிகமென்றால் சர்வர்களை மேய்க்கும் கேப்டன் விடமாட்டார், மீறிக் கிளம்பினால் பயிற்சி நோட்டில் கையெழுத்து கிடையாது. காலேஜில் இரண்டு மணிக்கு ஆள் இல்லையென்றால் ஆப்சென்ட்.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. யார் ஹோட்டலில் மாட்டிக்கொண்டாலும் அவள் ரோல் நம்பருக்கு மற்றவள் ப்ரசென்ட் சொல்லிவிட வேண்டும். உண்மையில் எனக்காக அவள் சொன்னதுதான் அதிகம்.

கடைசி வருடம், ஏதோ ஒரு கான்ஃபரன்ஸ் லஞ்ச். என்னை விட்டார்கள், அவளை நிறுத்திக்கொண்டார்கள். நான் வழக்கம்போல அவள் நம்பருக்கும் குரலை மாற்றிப் ப்ரசென்ட் சொன்னேன்.

அந்த லஞ்சுக்கு எங்கள் எச்ஓடியே விருந்தாளியாகப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அவருக்கு சூப் பரிமாறியது ரோஸ்லின். என் ஸ்டூடண்ட் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாராம்.

நாலு மணிக்குக் காலேஜ் திரும்பியதும் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். எதற்குத் தெரியுமா... அவளுக்கு ஆன் டூட்டி போட்டுக் கொடுக்க. பார்த்தால் அங்கே ஏற்கெனவே ப்ரசென்ட். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே அவளுக்கு அட்டெண்டன்ஸ் கிடைத்திருக்கும்.

மறுநாள் கிளாஸில் வந்து நின்று, குரல் கொடுத்தது யார் என்று மூன்று தடவை கேட்டார். நான் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லினை எழுப்பிக் கேட்டார், தெரியாது சார் என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த வருட அட்டெண்டன்ஸ் முழுவதுமே சந்தேகம் என்று அவள் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் திரும்பப் படி என்றார்கள். அதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ஹோட்டல் சர்டிஃபிகேட் மட்டும். எனக்கு இரண்டும்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு ஈவென்ட் கம்பெனி சார்பாக ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பேங்க்வெட் ஹாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ரோஸ்லின். எல்லார் எதிரிலும் என்னை மேடம் என்றாள்... செத்துப்போகலாம் போல இருந்தது.

கிச்சனுக்குப் போகிற வழியில் அவளை நிறுத்தி, சாரி கேட்க ஆரம்பித்தேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"உன் பேர நான் சொல்லல. அது என் இஷ்டம். நீ ஏன்டி சொல்லல?"

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மெசேஜ், பிறந்தநாளுக்கு ஒரு மெசேஜ். அவளும் பதில் போடுவாள். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவே இல்லை.

லைக் போட்ட ஏழு பேருக்கும் சொல்கிறேன். ஏமாற்றினோம் என்றால் இரண்டு பேரும்தான் ஏமாற்றினோம். ஆனால் அன்று அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். குரல் கொடுத்தது நான். சார் கேட்டபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்.

நாளைக்குக் கேஜிஎஃப்பில் அடக்கம். "நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்க்கா, எங்கக்காவுக்கு உங்கள வுட்டா காலேஜ்ல வேற யாரு இருந்தாங்க" என்கிறான் அவள் தம்பி. அவனுக்கு எதுவுமே தெரியாது.

இதை அவனுக்கும் அனுப்புகிறேன். படித்த பிறகும் பேசச் சொன்னால் பேசுகிறேன்... சொல்லாவிட்டால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

போய் வா, ரோஸ்லின்.