பூஜைக்குக் கழுவிய ஹாப்பர்

வாட்டர் ஜெட் மெஷினுக்கு வேலை கற்க வருகிறவர்கள், தண்ணீர்தான் இரும்பை அறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அறுப்பது தண்ணீரோடு கலந்து வருகிற கார்னெட் மணல். அந்த மணல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு விஜயதசமியன்று பார்த்தேன்.

கணபதிப் பகுதியில் நான் ஆபரேட்டராக இருந்த பட்டறையில், ஆயுத பூஜைக்கு மெஷினை ஹோஸ் பிடித்துக் கழுவியே விடுவோம். அந்த வருடம் மணல் கொட்டுகிற ஹாப்பரையும் கழுவினேன். பளபளவென்று வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, வெளியே காய்ந்திருக்கிறதே என்று மணலைக் கொட்டி மூடிவிட்டேன். உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் முதல் வேலை காரமடை சாந்தாமணியுடையது. செயற்கைக் காலுக்குப் பாதம் செய்கிற சின்ன யூனிட்டை, இருந்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்திருந்தார். அந்த வாரமே ஆறு பாதம் சாம்பிளாக ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாக வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு கார்பன் ஃபைபர் ஷீட். இன்னொன்று வர மூன்று மாதம் ஆகும். நல்ல நாளில் தன்னுடையதை முதலில் ஓட்டச் சொல்லி அவரேதான் கேட்டுக்கொண்டார்.

ஆறு பாதத்துக்கும் போல்ட் ஓட்டைகளை முதலில் போடுகிற மாதிரி புரோகிராம். ஸ்டார்ட்டை அழுத்திவிட்டுப் பொரிகடலை வாங்கிக்கொள்ளப் போனேன். மணலோடு வரும் ஜெட் கரகரவென்று கேட்கும். திரும்பும்போது விசில் மாதிரிக் கேட்டது. ஓடிப்போய் நிறுத்தினேன். ஈரத்தில் மணல் கட்டிதட்டி ஹாப்பர் வாயை அடைத்திருந்தது. வெறும் தண்ணீர் ஷீட்டின் அடுக்குகளுக்குள் புகுந்ததில், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஷீட் பூரி மாதிரி உப்பியிருந்தது. ஆறும் போய்விட்டது.

முதலாளி ஹாப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாந்தாமணி வந்ததும் அவரிடம், ஷீட்டிலேயே அடுக்குகள் ஒட்டு விட்டிருக்கின்றன என்று அடித்துச் சொன்னார். சாந்தாமணி என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்ணா, நீங்கதான ஓட்டுனீங்க. நெசமாலுமே ஷீட்டுலதான் கோளாறுங்களா?”

“ஆமாங்க அம்மணி” என்றேன்.

“நாந்தானுங்க பாத்து வாங்காம உட்டுப்போட்டேன். நல்ல நாளும் அதுவுமா உங்களுக்கும் சங்கடம் பண்ணிப்போட்டனுங்க.”

ஷீட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சாம்பிள் கொடுக்க முடியாமல் ஆர்டர் கைநழுவியது. யூனிட்டை மூடிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவரைக் காந்திபுரத்தில் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார். ஏன் மறுபடி ஆரம்பிக்கவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“எனக்குப் பொருள் பாத்து வாங்கத் தெரியலீங்ணா. அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

கழுவின ஹாப்பரில் மணலைக் கொட்டாதீர்கள். பூஜை முடிந்ததும் முதல் ஓட்டையை வேண்டாத ஸ்கிராப் துண்டில் போட்டுப் பாருங்கள். இதை எந்த ஆபரேட்டரும் சொல்லித் தருவான். நான் சொல்ல வந்தது வேறு: ஒரு பொருளைக் கெடுத்துவிட்டால், அங்கேயே நின்று நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நானும் அன்று வீட்டுக்குப் போனேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.