ஏணியின் கீழ்ப்பாதி

மணவறை அலங்காரத்தில் துஷ்யந்தியை மிஞ்ச பினாங்கில் ஆள் உண்டா என்றால், இருக்கலாம். அதை அவளிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அப்பாவும் தாத்தாவும் அரசாங்கக் கிராணி உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகளும் நாற்காலியைத் தேய்ப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ வங்கி வேலையை உதறிவிட்டு ஏணியில் ஏறினாள். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அவள் வீட்டு சோபாவில் உட்கார வேண்டுமானால், முதலில் அட்டையில் செய்த ஒரு ஜோடி அன்னங்களைத் தூக்கி அப்பால் வைக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மின்னஞ்சல் படாதபாடு படுத்தியது.

பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே நடக்கும் இந்தியக் கல்யாணங்களுக்கெல்லாம் அடுத்த ஆண்டு முழுக்க ஒரே அலங்காரக்காரரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். செய்த வேலைகளின் படத் தொகுப்பை ஒரே கோப்பாக, பத்து எம்பிக்குள், அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். துஷ்யந்தியின் தொகுப்போ எண்பது எம்பி. அனுப்பப் போனாள், கணினி முடியாது என்றது. மறுபடியும் தட்டினாள். கணினிக்கு அவளைவிடப் பிடிவாதம்.

சரி, படங்களைச் சின்னதாக்குவோம் என்று ஒவ்வொன்றின் மூலையையும் பிடித்து உள்ளே தள்ளினாள். மணவறைகள் தபால்தலை அளவுக்குச் சுருங்கின. கோப்பு இம்மியும் குறையவில்லை. பார்வைக்குத்தான் படம் சின்னது, உள்ளே ஃபோட்டோக்காரர் கொடுத்த முழுப் படமும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும் என்று அவள் என்ன கனவா கண்டாள்? இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தாள். சுருங்கித்தான் வந்தது. மணப்பெண்ணுக்குக் கண்ணெது மூக்கெது என்று தெரியவில்லை; மல்லிகைச் சரமெல்லாம் புட்டு மாவாகியிருந்தது.

மணி மூன்றரை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் ஹபீபா பீவியின் எண்ணைத் தேடினாள்.

ஹபீபா பீவி எட்டு வருடம் அவளோடு சேர்ந்து தொழில் பார்த்தவள். ஏணிக்கு மேலே துஷ்யந்தி, கீழே ஹபீபா. கணினி வேலையும் ஹபீபாதான். போன தீபாவளிக்கு முந்தி ஒரு கல்யாணத்தில், பூ போதாமல் போன அவசரத்தில், மணவறையின் பின்பக்கம் அவள் பிளாஸ்டிக் மல்லிகையைச் சொருகிவிட்டாள். பெண்ணின் அம்மா அதில் ஒரு முழத்தைப் பிய்த்துத் தலையில் வைத்துக்கொள்ளப் போனார். போதாதா? "இனிமே உங்க சங்காத்தமே வேணாம்!" என்று மண்டபத்திலேயே கத்தினாள் துஷ்யந்தி. அதோடும் விடவில்லை. தொகுப்பில், மணவறை கட்டும்போது எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஹபீபா நின்ற பகுதியை வெட்டினாள். அதற்குப் பிறகு அவள் போட்ட மணவறைகளெல்லாம் குட்டையாகவே இருந்தன. கேட்டால், இப்போது அதுதான் ஃபேஷன் என்பாள்.

அந்த மனுஷிக்கே இப்போது ஃபோன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா... நான்தான்."

"தெரியுது. என்ன வேணும்?"

"ஃபைல் போவ மாட்டேங்குது லா."

ஹபீபா சொன்னாள்: "வீட்லதானே இருக்கே? வர்றேன். கோப்பி போட்டு வை."

வந்தாள். அன்னங்களைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு உட்கார்ந்து, பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏணி ஏன் துஷி அந்தரத்துல நிக்குது?"

துஷ்யந்தி கோப்பியைக் கலக்குவது போல் குனிந்துகொண்டாள்.

ஹபீபா ஒரு படத்தின் மேல் சொடுக்கி, படத்தை வெட்டும் கிராப் பொத்தானை அமுக்கினாள். வெட்டிப்போட்ட கீழ்ப்பாதி சட்டென்று வெளியே வந்து நின்றது. ஏணிக் கால்கள், அவற்றை இறுக்கிப் பிடித்த இரண்டு கைகள், வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்க்கும் ஹபீபா பீவி. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"அடிப்பாவி! வெட்டுனா போயிரும்னு நெனச்சியா? எல்லாம் உள்ளுக்குள்ளயே கெடக்குது. அதையும் சேத்துத்தான் ஃபைல் சொமக்குது."

பிறகு ஒரு சிறு கட்டத்தைத் திறந்து காட்டினாள். "ரெண்டு வேலை. படத்தோட தெளிவை ஈமெயிலுக்கு ஏத்த அளவுக்குக் கொறைக்கணும். வெட்டுன பாகத்தை ஒரேயடியா அழிக்கணும். அழிச்சா திரும்ப வராது. அழிச்சிரவா?"

கோப்பிக்குச் சீனி போடவா என்பதுபோல்தான் கேட்டாள். துஷ்யந்தி திரையையே பார்த்தாள். மேலே நின்றவள் ஒரு படத்தில்கூடக் கீழே பார்க்கவில்லை. பூவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்துவிடுவோம் என்ற பயம் எட்டு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதுதான் உறைத்தது.

"வேணாம்க்கா. எல்லாத்தையும் வெளிய எடுங்க."

"நேரம் ஆவுது."

"ஆவட்டும் லா!"

எல்லாப் படங்களுக்கும் கீழ்ப்பாதி திரும்பியது. ஹபீபா தெளிவைக் குறைத்தாள். மல்லிகை மல்லிகையாகவே இருந்தது. ஆனால் கோப்பு பன்னிரண்டு எம்பியில் வந்து முரண்டு பிடித்தது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.

"சொன்னாக் கேளு. என்னைய எடுத்துரு, சரியாப் போயிரும்."

"சும்மா இருங்கக்கா."

துஷ்யந்தி முதல் பக்கத்துக்குப் போனாள். சண்டைக்குப் பிறகு ஸ்டூடியோவில் எடுத்த படங்கள்: பட்டுச் சேலையில் துஷ்யந்தி, கை கட்டிய துஷ்யந்தி, தாமரையோடு துஷ்யந்தி, ஜன்னலோரம் சும்மா துஷ்யந்தி. நான்கு முழுப் பக்கங்கள். நான்கையும் அழித்தாள். கோப்பு எட்டே முக்கால் எம்பிக்கு இறங்கியது. அனுப்பினாள். போயே போய்விட்டது!

"பிளாஸ்டிக் பூ வெச்சது என் தப்புதான்" என்றாள் ஹபீபா, ஆறிப்போன கோப்பியைக் குடித்துக்கொண்டே.

"தப்புதான்" என்றாள் துஷ்யந்தி. அவளாவது, விட்டுக்கொடுப்பதாவது! இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஹோட்டலிலிருந்து ரோஹானா என்ற அதிகாரி ஃபோனில் மலாயில் பேசினாள். மண்டபத்தின் கூரை ரொம்ப உயரமாம். கீழே பிடிக்க ஆளில்லாமல் ஏணியில் யாரையும் ஏறவிடமாட்டார்களாம். வந்த தொகுப்புகளில் இவளுடையதில் மட்டும்தான் ஒருத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம்; அதனால் வேலை இவளுக்குத்தானாம். அவளும் வேலைக்கு வருவாள்தானே?

சோபாவில் மணவறைத் துணி மடித்துக்கொண்டிருந்த ஹபீபாவைத் துஷ்யந்தி திரும்பிப் பார்த்தாள்.

"வருவாங்க, புவான்" என்றாள், மரியாதை குறையாமல். "அவங்க இல்லாம நான் ஏறுனதே இல்ல."