சேற்றில் இறங்கி வந்த நர்ஸம்மா

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடி மாதம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. பயம்தான்.

என் பெயர் மேரி. மன்னார்குடிப் பக்கம் நடவு வேலை செய்கிறவள். கணவர் இல்லை, ஒரே மகள். டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. தொட்டுப் பார்க்காமலே, "கொழுப்புக் கட்டிதான், சரியாப் போயிடும், போ" என்று மாத்திரை எழுதினார். மூன்று மாதம் விழுங்கினேன். கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆயிற்று. இனி எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை என்று வெறுத்துப்போனேன்.

மகள் தூங்கும் முகத்தைப் பார்த்து அழுதேன். முழங்காலிட்டு, "ஆண்டவரே, சுகம் கேட்கிற துணிச்சல்கூட எனக்கு இல்லை. நான் நம்பும்படி ஒரே ஒரு ஆளைக் காட்டும்" என்று ஜெபித்தேன்.

அந்த வாரமே வந்தார். எங்கள் ஊர் சுகாதார நர்ஸ் கலைச்செல்வி. நான் இரண்டு முறை கதவைச் சாத்தி அனுப்பியவர்தான். அன்று சம்பா நடவு. வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி என்னிடமே வந்துவிட்டார்.

"மேரியக்கா, உங்க மக சொல்லிச்சு. நான் பாக்கலாமா?"

மோட்டார் கொட்டகைக்குள் கையைக் கழுவிக்கொண்டு தொட்டுப் பார்த்தார்.

"கொழுப்புதானே நர்ஸம்மா?"

"எனக்குத் தெரியலக்கா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை தஞ்சாவூருக்கு நானே கூட வர்றேன்."

வியாழக்கிழமை அடைமழை. வரமாட்டார் என்றே நினைத்தேன். எனக்கு முன்பே வந்து பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றார். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

புற்றுநோய்தான். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கஷ்டமா இருக்கும், முடி கொட்டும். ஆனா குணமாக்கலாம்ங்கிற நிலையிலதான் இருக்கு" என்றார். எதையும் மறைக்கவில்லை. அதனாலேயே நம்பினேன். ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சு எல்லாம் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது.

போன மாதப் பரிசோதனையில் நோய் இல்லை என்றார்கள். வராந்தா என்றும் பாராமல் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்தில் நின்ற நோயாளிகளும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது நர்ஸம்மாவோடு தெருத்தெருவாகப் போகிறேன். கூச்சப்படும் பெண்களிடம் என் தழும்பைக் காட்டுகிறேன். சகோதரிகளே, உங்களை மதிக்காமல் அனுப்பிய ஒருவரின் வார்த்தையோடு உங்கள் உயிர் முடிந்துவிடாது. ஆண்டவரிடம் கேளுங்கள், ஆள் அனுப்புவார். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியனுப்புங்கள். நான் கூட வருகிறேன்.