பளபளப்பு எடுத்த பச்சை

நான் பெயின்டர். ஊர் அரியாங்குப்பம். தினமும் ஆற்றுப் பாலம் தாண்டி டவுனுக்கு சைக்கிளில் போவேன். அதுவரை அடித்ததெல்லாம் வெளிர் நிறம்தான். சந்தனம், ரோஸ், வான நீலம். பெயின்ட் கடைக்குக் கலர் கலக்கும் மெஷின் வந்த புதிதில், கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீட்டு மதாம் ஒருவர் கரும்பச்சை கேட்டார். படுக்கை அறை முழுக்க. மேல் கூரைக்கும் அதேதான்.

"மதாம், ரூம் இருட்டாயிடும்."

"ஆவட்டும். வெளிய இருக்கிற வெயிலு போதாதா உனக்கு?"

இரண்டாவது கோட் காய்ந்ததும் ஜன்னல்களைச் சாத்தினேன். நல்ல மத்தியானம். பலகை இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டது. மூலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெருச் சத்தம் எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. தரையில் படுத்தேன். குளத்துக்கு அடியில் படுத்த மாதிரி இருந்தது. மூச்சு மட்டும் முட்டவில்லை.

அப்போது பெண்டாட்டி நினைவு வந்தது. அவளுக்கு ஒத்தைத் தலைவலி. வந்தால் இரண்டு நாள். வெளிச்சம் ஆகாது. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரை மூலையில் சுருண்டுகொள்வாள். வீடு முழுக்க நான் அடித்த வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் உள்ளறையைக் கரும்பச்சை ஆக்கினேன். எனாமல் வாங்கினேன். ரொம்ப நாள் நிற்கும்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னா தம்பி, உள்ள எருமை கட்டப் போறியா?"

"மீனு வளக்கப் போறாருக்கா," என்றாள் என் பெண்டாட்டி. "மொதல்ல என்னை உட்டுப் பாப்பாரு."

அடுத்த வாரம் வலி வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்துவிட்டாள்.

"இன்னாம்மா?"

"செவுரு கண்ணுல குத்துதுய்யா."

உள்ளறையில் அவள் படுத்த இடத்தில் படுத்துப் பார்த்தேன். இடுக்கில் வந்த வெளிச்சம் நாலு சுவரிலும் கோடு கோடாக மின்னியது. மதாம் வீட்டில் அடித்தது டிஸ்டம்பர். அதில் மினுமினுப்பு கிடையாது. இத்தனை வருஷம் பிரஷ் பிடித்தவன், நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எனாமல் மேல் டிஸ்டம்பர் ஒட்டாது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சுவரை வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பச்சைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுவரின் மினுமினுப்பு அடங்கியது. காய்ந்த பாசி மாதிரி ஆனது. கை ஓடியதே தவிர, நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

"அடிச்ச பெயின்ட்ட நீயே சொரண்டுற," என்றாள். "தலை எனக்கு சரியில்லையா, உனக்கா?"

உப்புத்தாளை மறுபடி தண்ணீரில் நனைத்தேன்.

மறுபடி வலி வந்தது ஒரு மத்தியானம். துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்தேன். முதலில் அவள் இருப்பதே தெரியவில்லை. கண் பழகியதும் கை தெரிந்தது. பிறகு முகம். கண்ணில் கட்டிய துணி அவிழ்ந்து பக்கத்தில் கிடந்தது. கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவ சாத்து," என்றாள் மெதுவாக. "உள்ள வந்து சாத்து."

சாத்தினேன்.